படகு விலகிப் போகாது

எனக்கு எழுபத்திரண்டு வயசு. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது நாலு, ஐந்தாவது என் பெரிய மகனுடைய பெண். மூன்று வயசில் என் கைக்கு வந்தாள். இப்போது அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஐந்து பேரையும் மீன் விற்றுத்தான் வளர்த்தேன். கூடையோடு எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன், கையேந்தி ஒரு வாசலிலும் நின்றதில்லை.

இதை எழுதச் சொன்னது ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற கப்பல் செய்யும் கம்பெனி அது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவளுக்கு அந்தக் கப்பலோடு என்ன பேச்சு என்றால், என் சின்ன மகன் அந்தக் கப்பலுக்கு எதிரே படகு ஓட்டுகிறான். அதுதான் பேச்சு. ஒரு தரம் போய் வந்துவிட்டான். அடுத்த தரம் போவதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். எழுத்து எனக்கு நாற்பது வயசுக்கு மேல் வந்தது, முதியோர் வகுப்பில். மெதுவாகத்தான் வரும். எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் வைப்பேன்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர்கள் எங்கள் குப்பத்து ஆட்களை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அடையாறில் ஒரு கல்யாண மண்டபம். வேன் அனுப்பினார்கள். ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஆறு பெண்கள் கடைசி வரிசை. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரை கட்டியிருந்தார்கள்.

திரையில் கப்பல் படம் காட்டினார்கள். வெள்ளைக் கப்பல். மேலே ஆள் நிற்கிற கண்ணாடி அறை இல்லை. படுக்க அறை இல்லை, சமையல்கட்டு இல்லை, கக்கூஸ் இல்லை. சுற்றிலும் கேமரா, இருட்டில் சூட்டைப் பார்க்கிற கேமரா, சுற்றிக்கொண்டே இருக்கிற ராடார். எதிரே என்ன வருகிறது என்று தானே பார்த்து, தானே முடிவு செய்து, தானே திரும்புமாம்.

என் பக்கத்தில் இருந்தவள் எனக்கு நாற்பது வருஷமாகப் பக்கத்துக் கடைக்காரி. அவள் வாயை மூடி வைக்க முடியாது.

"அப்போ கப்பலுக்கு வவுத்து வலி வந்தா இன்னா பண்ணும்க்கா?"

"கம்னு கேளு."

"கேட்டுக்கினுதான் கீறேன். சோறு வாணாம், தூக்கம் வாணாம், சம்பளம் வாணாம். எங்க வூட்டுக்காரனுக்குப் பதிலா இத்தக் கட்டிக்கினு இருக்கலாம்."

முன் வரிசை ஆண்கள் திரும்பி முறைத்தார்கள். டை கட்டிய ஒருவர் தொடர்ந்து பேசினார். இந்தக் கப்பலுக்கு டீசல் கிடையாது, கரும்புகை கிடையாது, அம்மோனியாவில் ஓடும், காற்று கெடாது, கடல் கெடாது என்றார்.

அம்மோனியா என்ற வார்த்தை அங்கே இருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். சின்ன வயசில் நான் ஐஸ் பேக்டரியில் வேலை செய்திருக்கிறேன். ஐஸ் உறைய வைக்கிற குழாயில் ஓடுவது அதுதான். ஒரு நாள் காலையில் எங்கேயோ ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போனது. அங்கே மிஷின் பார்க்கிற கிழவர் ஒருவர், எங்களுக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்னாலேயே மூக்கைத் தூக்கினார். தூக்கினவர், "துணிய நனைச்சி மூஞ்சில போடு, காத்துக்கு எதிரா ஓடு" என்று கத்தினார். முந்தானையை ஐஸ் தண்ணீரில் முக்கி முகத்தில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அது மேலே போகவில்லை. ஐஸ் குளிரில் வெள்ளைப் புகையாகத் தரையோடு தரையாகப் படர்ந்து வந்தது. பின்னால் வந்த ஒருத்திக்கு ஒரு கண் அப்புறம் சரியாகத் தெரியவே இல்லை.

அதனால் எழுந்து நின்று கேட்டேன். "ஆளே இல்லாத கப்பல்ல அது ஒயுகுனா, மோந்து பாக்க மூக்கு யாருக்குங்க கீது?"

சிரித்தார்கள். மேடை ஓரத்தில் நின்றிருந்த பெண் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும். கம்பெனியில் இன்ஜினியர். அவள் மைக்கை வாங்கினாள்.

"நல்ல கேள்விம்மா. குழாய்க்கு மேல இன்னொரு குழாய் போட்டிருக்கோம். உள் குழாய் ஒழுகினா அந்த இடுக்குலயே கருவி கண்டுபிடிச்சிடும். மனுஷ மூக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். உடனே வால்வு தானா மூடிக்கும். கப்பல அவசரமா நிறுத்தினாலும் அப்படித்தான். குழாய்ல மிச்சம் இருக்கிறது மட்டும் உயரமான ஒரு பைப் வழியா மேல போயிடும்."

"மேல போனது கீய எறங்காதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் இறங்கலாம். ஆனா கப்பலுக்குக் கிட்ட யாரும் இருக்க மாட்டாங்க. படகெல்லாம் தூரத்துலதான் இருக்கும்."

டை கட்டியவர் ஆண்களைப் பார்த்துக் கேட்டார். "கப்பல் வந்தா நீங்க விலகித்தானே போவீங்க?"

"போவும் சார்" என்றார்கள். எல்லாரும் சொன்னார்கள். என் சின்ன மகனும் சொன்னான்.

அது பொய். கடலோரத்தில் பிறந்த யாருக்கும் தெரியும் அது பொய் என்று. கப்பல் வந்தால் எங்கள் படகு விலகிப் போகாது. கப்பலைப் பார்த்துத்தான் போகும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலையை விரித்தால் அது தண்ணீருக்குள் ரொம்ப தூரம் கிடக்கும். கப்பலுக்கு அது தெரியாது. ஏறிப் போனால் வலை கிழிந்து கப்பலோடு போய்விடும். அதனால் கப்பல் வருவது தெரிந்ததும் படகில் இருக்கிறவன் இன்ஜினைப் போட்டு நேரே கப்பலின் மூக்குக்குப் போவான். சட்டையைக் கழற்றி ஆட்டுவான், லுங்கியை ஆட்டுவான். வலை இந்தப் பக்கம் கிடக்கிறது, நீ அந்தப் பக்கம் போ என்று கையால் காட்டுவான். கப்பல் மேலே நிற்கிறவன் அவன் பாஷையில் திட்டுவான். இவன் இவன் பாஷையில் திட்டுவான். கடைசியில் கப்பல் கொஞ்சம் ஒதுங்கும். என் அப்பா அப்படித்தான் செய்தார், என் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார். அப்படிச் செய் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வலை போட்டவன் போவான், அவ்வளவுதான்.

கூட்டத்தில் அதை ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அந்தப் பக்கம் மீன் பிடிக்கவே வராதே என்று தடை போட்டுவிடுவார்களோ என்று பயம். படித்தவர்கள் முன்னால் கிறுக்குப் பிடித்தவர்கள் மாதிரி தெரியும் என்ற வெட்கமும் உண்டு. நான் ஏன் சொல்லவில்லை என்பது வேறு. அதற்குத்தான் இந்த நோட்டு.

வேனில் திரும்பி வரும்போது பக்கத்துக் கடைக்காரி கேட்டாள். "இன்னாக்கா, மூக்கு கீதான்னு கேட்ட, சரி. படகு வெலகாதுன்னு சொல்றதுக்கு உனுக்கு வாய் இல்லியா?"

"உனுக்குத்தான் அவ்ளோ பெரிய வாய் கீதே. நீ சொல்றது."

"எனக்கு இன்னா, என் புள்ள கொத்தனார் வேலைக்குப் போறான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கப்பலைச் சோதித்துப் பார்க்க எங்கள் குப்பத்திலிருந்து நாலு படகு கூலிக்கு எடுத்தார்கள். வழக்கம் போல வலை போட்டு உட்காருங்கள், கப்பல் வரும், வந்தால் விலகிப் போங்கள், கப்பல் என்ன செய்கிறது என்று நாங்கள் பார்க்கிறோம் என்றார்கள். சின்ன மகனுக்கு முதலில் இஷ்டமில்லை. அவனைப் போகச் சொன்னது என் பேத்திதான்.

"போ சித்தப்பா" என்றாள். "கப்பல்ல ஆளு இருந்தும் எங்கப்பாவப் பாக்கலியே. தூங்கிக்கினு வந்திருப்பான், இல்ல குடிச்சிட்டு வந்திருப்பான். மிஷினு தூங்காது. இன்னொரு பொண்ணுக்கு அப்பன் இருப்பான்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தான். நான் குழம்பு ஊற்றினேன். சரி என்றான்.

என் பெரிய மகன் கப்பல் மோதிப் போனவன். பதினெட்டு வருஷம் ஆகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போனார்கள். தம்பி மட்டும் திரும்பினான். வலை போட்டுவிட்டு இரண்டு பேரும் படகில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், கப்பல்காரன் பார்க்காமல் ஏற்றிவிட்டான் என்பது ஊர் சொல்வது. போலீஸில் எழுதினதும் அதுதான். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியபோது எழுதினதும் அதுதான்.

சோதனை நாள் காலையில் நான் மார்க்கெட்டில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்து பார்த்தால் கப்பல் தெரிந்தது. வெள்ளையாக, வேட்டி மடித்து வைத்த மாதிரி ஒரு துண்டு. படகு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குக் கப்பலில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள், ஒன்றையும் தொடாமல் சும்மா பார்க்க, ஆபத்து என்றால் மட்டும் நிறுத்த. மந்தைவெளியிலிருந்து வழக்கமாக வருகிற அம்மா சங்கரா மீன் கேட்டாள். வெட்டிக் கொடுத்தேன்.

"என்னம்மா, ரத்தம் இவ்ளோ வருது" என்றாள்.

மீன் ரத்தம்தான் என்றேன். "இல்லம்மா, உங்க விரல்" என்றாள். பார்த்தால் அரிவாள்மனை விரலைக் கீறியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. பெரியவன் போன நாளிலிருந்து எனக்கு அப்படித்தான். உடம்பில் பட்டால்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேரும், சிலது வந்து சேருவதே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச மீனை வெட்டினேன்.

மத்தியானம் சின்னவன் வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. மருமகள் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போனதும் சொன்னான்.

"கிட்டப் பூட்டேன்மா."

"வெலகச் சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க. வலை இருந்திச்சி."

"அது அவுங்க குடுத்த வலைதான. கிழிஞ்ச வலை."

"தெரியும். கப்பல் வலையப் பாத்து வந்திச்சி. கை தானா திருப்பிடிச்சி. சட்டையக் கழட்டி ஆட்டிக்கினு நிக்கிறேன். மேல பாத்தா ஆளு இல்ல. யாருக்கு ஆட்டுறேன்னு எனக்கே தெரியல."

"கப்பல் இன்னா பண்ணிச்சி?"

"என்னப் பாத்திடிச்சிமா. பாக்கலன்னு சொல்ல முடியாது. ரொம்ப தூரத்துலயே பாத்திடிச்சி. நான் வெலகுவேன்னு நெனச்சிக்கினு எனக்குப் பின்னாடி சுத்திப் போவத் திரும்பிச்சி. எனக்குப் பின்னாடிதான வலை. வலையோட அந்தக் கடைசில ரெண்டாவது படகு. அதுல ரெண்டு பேரு இன்ஜின மேல தூக்கிட்டு உக்காந்துக்கினு கீறானுங்க."

மோரைக் குடித்தான்.

"கப்பல்ல இருந்த ஆளு பட்டன அமுக்கி நிறுத்திட்டான். அந்தப் படகுக்கும் கப்பலுக்கும் நம்ம சந்து அகலம்தான் இருந்திச்சி. நின்ன ஒடனே மேல பைப்புலேர்ந்து புஸ்ஸுனு வுட்டிச்சி. கொஞ்சம்தான். காத்து எங்க பக்கம் அடிச்சிச்சி. கண்ணு எரிஞ்சி ஒண்ணும் தெரியல. தண்ணில மூஞ்ச முக்கிக்கினு கெடந்தோம்."

"ஐஸ் பேக்டரி நாத்தமா?"

"அதான்."

"கம்பெனிக்காரங்க கேட்டாங்களா, ஏன் கிட்ட வந்தேன்னு?"

"கேட்டாங்க. இன்ஜின் மக்கர் பண்ணிச்சி, திருப்ப முடியலன்னேன். எழுதிக்கினாங்க." அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அடுத்த தபா ரெண்டு வாரத்துல. அப்போ கப்பல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்களாம். கரையிலேர்ந்தே பாப்பாங்களாம்."

"நீ போவாத."

"நான் போலன்னா இன்னொருத்தன் போவான். அவனும் இதேதான் பண்ணுவான்."

"வெலகிப் போ, அப்போ."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. "சொன்னேனே, முடியல. அண்ணனாலயும் முடியலியே" என்றான்.

பதினெட்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

நடந்ததை எழுதுகிறேன். பெரிய மகன் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கப்பல் அவன் வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. புது வலை. அவன் அன்றைக்கு ஒழுங்காக விலகி நின்றிருந்தான். பெண்டாட்டி, சின்னக் குழந்தை என்று ஆன பிறகு அவனுக்குக் கப்பலுக்கு எதிரே போகப் பயம் வந்திருந்தது. வெறுங்கையோடு கரை ஏறினான். நான் மணலில் பத்துப் பேர் முன்னால் நின்றுகொண்டு கேட்டேன். உன் அப்பன் ஒரு வலையை விட்டுவிட்டு வந்திருப்பானா என்று கேட்டேன். கப்பலைப் பார்த்து ஓடி வருகிறவனுக்குக் கடல் எதற்கு, என் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போ என்றேன். இன்னொரு வலை போச்சு என்று வந்தால் என் வாசப்படி ஏறாதே என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். நான் நன்றாகப் பேசுவேன் என்று குப்பத்தில் எனக்குப் பேர். அன்றைக்கும் நன்றாகத்தான் பேசினேன்.

அடுத்த வாரம் விடிகிற நேரம். இரண்டு பேரும் தூங்கவில்லை. கப்பல் வந்தது. அதில் ஆள் இருந்தான். அவன் தூங்கவில்லை, பார்த்துவிட்டான். மூன்று தரம் ஹாரன் அடித்தான். திருப்பவும் ஆரம்பித்தான். ஆனால் அவன் திரும்பினது வலை கிடந்த பக்கம். தம்பி "வுட்டுடுண்ணா" என்றானாம். "அம்மா கேக்கும்டா" என்று சொல்லிவிட்டு பெரியவன் இன்ஜினை முடுக்கினானாம். கப்பலுக்கும் வலைக்கும் நடுவில் போய் நின்று லுங்கியை ஆட்டினானாம். அந்தக் கனத்துக் கப்பல் ஒரு தரம் திரும்ப ஆரம்பித்தால் உடனே நிறுத்த முடியாது. தம்பி குதித்தான். அவன் குதிக்கவில்லை. கப்பல் நின்றதா என்றால் நிற்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் பார்க்கவில்லை என்பது இல்லை.

தம்பியை வேறு படகு தூக்கிக்கொண்டு வந்தது. மணலில் உட்கார்ந்து பல் கிடுகிடுக்க அவன் இதை என்னிடம் மட்டும் சொன்னான். அம்மா கேக்கும் என்று சொன்னதையும் சொன்னான். சொல்லி முடித்ததும் நான் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். "தூங்கிக்கினு இருந்தீங்க. யார் கேட்டாலும் அதான். புரிஞ்சிதா." புரிந்தது என்றான். பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களும் தூங்கினதாகவே சொன்னார்கள். எனக்காகச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அந்த மணலில் நான் பேசினதைக் கேட்டவர்கள்தானே அவர்களும்.

நான் அழவில்லை. ஊரே அழுதது. நான் சோறு வடித்து வந்தவர்களுக்குப் போட்டேன். கல் மாதிரி இருக்கிறாள், தைரியசாலி என்றார்கள். தைரியம் எல்லாம் இல்லை. ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பெரியவன் பெண்டாட்டி ஒரு வருஷம் கழித்துத் தாய் வீட்டுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அதையும் தப்பென்று சொல்லமாட்டேன். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன்.

சின்னவன் சிவந்த கண்ணோடு வந்த மறுநாள் நான் பஸ் ஏறி தி.நகர் போனேன். கம்பெனி ஆபீஸ் ஒரு புடவைக் கடைக்கு மேலே. படிக்கட்டு முழுக்கப் பைகளோடு கல்யாணக் கூட்டம். லிப்டில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி என் புடவையில் வந்த மீன் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரைப் பார்க்கணும் என்றான். பேர் தெரியாது, மண்டபத்தில் சிரிக்காமல் பதில் சொன்ன பொண்ணு என்றேன்.

அவளே வெளியில் வந்தாள். "மூக்கு யாருக்குன்னு கேட்டீங்களே, அந்த அம்மாதானே" என்றாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் டீ கொடுத்தாள்.

"இன்ஜின் மக்கர் பண்ணல" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"உன் கப்பலு படகு வெலகும்னு நெனச்சிக்கினு ஓடுது. வெலகாது. கிட்ட வரும். கிட்ட வர்றவன் சண்டைக்கு வரல, திருடவும் வரல. வலை எந்தப் பக்கம்னு காட்ட வரான். அவன் எந்தப் பக்கம் கை காட்டுறான்னு கப்பலுக்குத் தெரியணும். தெரியலன்னா திரும்பாம நிக்கணும். நின்னா அந்த பைப்ப உடனே தொறக்கக் கூடாது. கீய ஆளு இருப்பான்."

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை வைத்தாள். "எனக்கும் சந்தேகம் இருந்ததும்மா. கேமரா பதிவுல அவர் சட்டைய ஆட்டுறது தெரியுது. இன்ஜின் கெட்டவர் ஏன் ஆட்டணும்னு கேட்டேன். உதவிக்குக் கூப்பிட்டிருப்பார்னு சொல்லிட்டாங்க. நாலு படகுக்காரங்களும் விலகித்தான் போவோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் இப்ப போய் இல்லன்னு சொன்னா, யார் சொன்னான்னு கேப்பாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நீங்க கடலுக்குப் போறதில்லையே. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்கன்னு சொன்னா பத்தாதும்மா. நிஜமா நடந்த ஒண்ணு வேணும். யாரு, என்ன, எப்படின்னு. அது பேப்பர்ல வந்துட்டா அவங்களால தாண்டிப் போக முடியாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. மணலில் அவ்வளவு பேர் முன்னால் பேசின வாய்.

"எனக்கு எழுதத் தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்போ நீங்களே எழுதுங்க. அடுத்த சோதனைக்கு முன்னாடி எனக்குக் கெடைச்சா நான் நிறுத்தி வைக்கச் சொல்லுவேன். குடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல யாரையாவது படிச்சுப் பாக்கச் சொல்லுங்க, எழுத்து புரியுதான்னு. உள்ள இருக்கறவங்க புரியலன்னு ஒதுக்கிடக் கூடாது பாருங்க."

கீழே இறங்கி வந்து ஒரு பேப்பர் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். எட்டு நாளாக எழுதுகிறேன். காலையில் மீன் விற்றுவிட்டு வந்து, மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு. முதலில் கப்பலைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதலாம் என்று நினைத்தேன். யாரோ ஒரு மீனவர் என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் கேட்ட மாதிரி யாரு, என்ன, எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தால் யாரோ என்பது நிற்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வயசிலிருந்து ஆரம்பித்தேன்.

சின்னவனிடம் நேற்றைக்குச் சொன்னேன், எழுதுகிறேன் என்று. எல்லாத்தையுமா என்று கேட்டான். எல்லாத்தையும் என்றேன். வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"அண்ணன் பொண்ணுகிட்ட நான் சொல்ட்டுமா?" என்றான்.

"வாணாம். பேசினது நானு."

அவனுக்குப் படிக்கத் தெரியும். மருமகளுக்கும் தெரியும். யாரிடம் கொடுத்தும் எழுத்து புரிகிறதா என்று கேட்டிருக்கலாம். ஆனால் இந்த நோட்டு கம்பெனிக்குப் போனால் நாலு பேர் வாயிலிருந்து எப்படியும் என் பேத்தி காதுக்கு வரும். அப்படி வரக்கூடாது. தன் அப்பனைக் கப்பல்காரன் பார்க்கவில்லை என்று நம்பித்தான் அவள் சித்தப்பனைப் போகச் சொன்னாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். அவள் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போகலாம். அடையாறில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறார்கள், அங்கே வரச் சொல்லி ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்கள். போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. ஆனால் கடலில் அந்த ரெண்டாவது படகில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வர வேண்டும். சின்னவனும் வர வேண்டும்.

அவள் வேலை விட்டு வந்துவிட்டாள். வாசலில் செருப்பை விடுகிறாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நான் நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வழக்கம் போல, "இன்னா ஆயா, பரீட்சைக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லி நோட்டை அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.

கண்ணு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு இப்படி வந்து உட்கார். எழுத்து தப்பாக இருந்தால் அப்புறம் திருத்தலாம். நடுவில் நிறுத்தாதே, என்னைப் பார்க்கவும் வேண்டாம். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி, நான் கேட்கிறேன்.